செலியாக் வச்சுக்கிட்டு ஸ்டேக்ஹவுஸ் போகலாமா? தாராளமா போகலாம், ஆனா சாலட்ட நம்பி போகாதீங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். போன மாசம்தான் பயாப்ஸில செலியாக்னு உறுதியாச்சு (கோதுமை, பார்லி, ரைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரோட்டீன் உள்ள போனா நம்ம உடம்பே சிறுகுடல தாக்கற நோய்), டல்லாஸ் வந்து ஒரு வருஷம் கூட ஆகல, வர்ற வியாழக்கிழமை புது மேனேஜர் மொத்த டீமையும் ஒரு ஸ்டேக்ஹவுஸுக்கு, அதாவது மாட்டுக்கறிய பெரிய துண்டா சுட்டுத் தர்ற கடைக்கு, கூட்டிட்டு போறார், எதுக்கு வம்பு ஒரு சாலட் மட்டும் சொல்லி சமாளிச்சிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வேண்டாம். அந்த மாதிரி கடையில உங்களுக்கு ஸ்டேக்க விட சாலட்தான் ஆபத்து.

எப்படின்னா, சாலட் போடற இடத்துல பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய ஸ்டீல் கிண்ணம்தான் இருக்கும், சீசர் சாலட்டுக்கு க்ரூட்டான, அதாவது மொறுமொறு ரொட்டித்துண்ட, அள்ளிப்போட்ட அதே கைதான் அதே கையுறையோட உங்க கீரையையும் அள்ளும், கிண்ணத்த ஒரு துணியால துடைச்சுட்டு அடுத்தத கலப்பாங்க. கூட்ட நேரத்துல ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தட்டு போகும், அதுல உங்க தட்டு எதுன்னு அவருக்கே தெரியாது. ஸ்டேக் அப்படி இல்ல. பச்சைக்கறியா ஃப்ரிட்ஜ்ல இருந்து வருது, உப்பு மிளகு போடறாங்க, நெருப்புல வைக்கிறாங்க, தட்டுக்கு வருது, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பெரும்பாலும் ஒரே ஆள் கை. அந்த ஒரு ஆள்கிட்ட உங்க விஷயம் சரியா போய் சேர்ந்துட்டா பாதி வேலை முடிஞ்சது. நூடுல்ஸ் கடையிலயோ பீட்சா கடையிலயோ இத சொல்லவே முடியாது, அங்க காத்துலயே மாவு பறக்கும். அதனாலதான் எனக்கு செலியாக் தெரிஞ்ச இந்த 11 வருஷத்துல வெளியில சாப்பிடணும்னா நான் முதல்ல யோசிக்கறது ஸ்டேக்ஹவுஸ்தான், நம்ம ஊர் ரெஸ்டாரண்ட் கூட இல்ல. நம்ம சமையல்ல அரிசியும் உளுந்தும்தானே, பயம் இல்லன்னு தோணும், ஆனா சாம்பார்ல போடற கூட்டுப்பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும், தோசை வார்க்கற கல்லுலயே ரவா தோசையும் வார்ப்பாங்க. பெருங்காய டப்பா விஷயம் உங்க டயட்டீஷியன் சொல்லலன்னா இன்னிக்கே வீட்ல எடுத்து பின்னாடி படிச்சு பாருங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். கறியில க்ளூட்டன் கிடையாது, கறிய எதெல்லாம் தொடுதோ அதுலதான் இருக்கு. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மெனு கார்டே வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். "இது க்ளூட்டன் ஃப்ரீயா"ன்னு கேட்டா சர்வர் பாவம் ஆமான்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்க நினைக்கறது பொருட்கள் பட்டியல மட்டும். "இந்த ஸ்டேக் தட்டுக்கு வர்றதுக்குள்ள எதெது மேல படும்"னு கேட்டாதான் உண்மையான பதில் வரும்.

எனக்கு இது எப்படி தெரிஞ்சதுன்னா, எங்க வீட்டுப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேக்ஹவுஸ், அடிக்கடி போய் போய் அங்க கிச்சன் மேனேஜர் நல்லா பழக்கமாயிட்டார், ஒரு நாள் சாயங்காலம் கடை காலியா இருந்தப்ப என்னைய உள்ள கூப்பிட்டு சமைக்கற இடம் முழுக்க காட்டினார். கிரில் ஒரு கட்டில் அகலம் இருக்கும். வலது பக்கம் ஸ்டேக், இடது ஓரத்துல பர்கர். பர்கர் பன்ன வெண்ணெய் தடவி அதே கம்பி மேலதான் கவுத்து வாட்டறாங்க, எடுத்தப்புறம் கம்பிக்கு நடுவுல பொடிப்பொடியா பழுப்பு நிறத்துல ரொட்டித்தூள் ஒட்டிக்கிட்டு நிக்குது, என் கண்ணால பார்த்தேன். பக்கத்துல ஒரு சின்ன பாத்திரத்துல உருகின வெண்ணெய், அதுல ஒரு பிரஷ், பன்னுக்கும் அதே பிரஷ் ஸ்டேக்குக்கும் அதே பிரஷ். இடுக்கி ஒண்ணே ஒண்ணு, பன்ன திருப்பறதும் கறிய திருப்பறதும் அதுதான். அவர் அப்பவே சொன்னார், அலர்ஜி டிக்கெட் வந்தா, அதாவது ஆர்டர் சீட்டுல அலர்ஜின்னு இருந்தா, இதெல்லாம் மாத்திடுவோம், புது இடுக்கி, புது வெண்ணெய், கிரில்ல வைக்காம தனி வாணலில அடுப்பு மேல செய்வோம், ஆனா டிக்கெட்ல எழுதி வரணும், சர்வர் வாயால வந்து சொன்னா கூட்டத்துல எனக்கு காதுலயே விழாதுன்னு. அந்த ஒரு பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டத எந்த புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல.

இன்னொண்ணும் சொன்னார். நெருப்புல எல்லாம் எரிஞ்சு போயிடும்னு நிறைய சமையல்காரங்களே நம்பறாங்க, ஏன்னா கிருமி சூட்டுல சாகும்னு அவங்களுக்கு பயிற்சி. க்ளூட்டன் கிருமி இல்ல, புரோட்டீன், சமையல் சூட்டுல அது போகாது. சானிடைசர்ல கை துடைச்சாலும் போகாது, சோப்பும் தண்ணியும் போட்டு கழுவினாதான் போகும். யாராவது "கவலைப்படாதீங்க, கிரில் ரொம்ப சூடு"ன்னு சொன்னா அவங்களுக்கு விஷயம் புரியலன்னு அர்த்தம், பணிவா மேனேஜர கூப்பிட சொல்லுங்க.

துளி அளவுக்கா இவ்ளோ பயம்னு வீட்லயே கேட்பாங்க, உங்க மேனேஜரும் கேட்பார், அதனால கணக்கு ஒண்ண மனசுல வச்சுக்கோங்க. 2007ல இத்தாலியில செலியாக் இருக்கறவங்கள வச்சு பண்ணின ஒரு ஆய்வு வந்துச்சு, தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டன் மூணு மாசம் உள்ள போனா போதும், சிறுகுடல்ல இருக்கற உறிஞ்சிகள் பாதிக்க ஆரம்பிக்குதுன்னு அதுல தெரிஞ்சது. ஒரு சாதாரண ரொட்டித்துண்டுல 2 கிராமுக்கு குறையாம க்ளூட்டன் இருக்கும், அதாவது ஒரு ரொட்டித்துண்ட நாப்பது பங்கா பிச்சா அதுல ஒரு பங்கு. அமெரிக்காவுல உணவு மருந்து நிர்வாகம் 2013ல விதி போட்டு 2014 ஆகஸ்ட்ல இருந்து நடைமுறைக்கு கொண்டு வந்தாங்க, க்ளூட்டன் ஃப்ரீன்னு பாக்கெட்ல போடணும்னா பத்து லட்சத்துல 20 பங்குக்கு கீழ இருக்கணும். 12 அவுன்ஸ் ஸ்டேக்னா சுமார் 340 கிராம், அந்தக் கணக்குப்படி அதுல 7 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. அவ்ளோ கொஞ்சத்த பன் வாட்டின கம்பியில ஒட்டியிருக்கற தூளே தாண்டிடும். ஒரு தடவ பட்டுட்டா குடல் போச்சுன்னு இல்ல, பயந்துடாதீங்க, ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவ இப்படி கொஞ்சம் அப்படி கொஞ்சம்னு போனா உங்க ரத்த டெஸ்ட்ல டிடிஜிங்கற அந்த செலியாக் ஆன்டிபாடி நம்பர் இறங்கவே இறங்காது. எனக்கு முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, வீட்ல அவ்ளோ கட்டுப்பாடா இருந்தும் வெளிய சாப்பிட்டதுதான் காரணம்.

இன்னொரு விஷயம், மேல சொன்ன அந்த 20 கணக்கு பாக்கெட் பொருளுக்குத்தான் சட்டமா எழுதினது. ரெஸ்டாரண்ட்ல மெனுவுல க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டா அதே அர்த்தத்துல போடணும்னு நிர்வாகம் எதிர்பார்க்குது, ஆனா உங்க தட்ட யாரும் வந்து சோதிக்கப் போறதில்ல. அதனாலதான் நிறைய கடை வக்கீல் சொல்லி "க்ளூட்டன் ஃப்ரெண்ட்லி", "க்ளூட்டன் சென்சிடிவ்"னு மாத்தி எழுதறாங்க. அந்த வார்த்தைக்கு பொருள், எங்க ரெசிபில கோதுமை இல்ல, மத்தபடி அடுப்படில என்ன நடக்கும்னு நாங்க உத்தரவாதம் தரலங்கறதுதான். அந்த வார்த்தைய பார்த்ததும் எழுந்து போயிட வேண்டாம், அது உங்க பேச்சுவார்த்தைக்கு ஆரம்பம் மட்டும்தான். 2019ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த கட்டுரை இருக்கு, கையடக்க சென்சார் வச்சு சாதாரண மக்களே ரெஸ்டாரண்ட்ல 5,624 தடவ சோதிச்சத தொகுத்து போட்டாங்க, க்ளூட்டன் ஃப்ரீன்னு சொல்லி கொடுத்த சாப்பாட்டுல மொத்தத்துல 32 சதவீதத்துல க்ளூட்டன் தெரிஞ்சிருக்கு, பீட்சாவுலயும் பாஸ்தாவுலயும் பாதிக்கு மேல. சந்தேகப்பட்ட தட்டதான் மக்கள் அதிகமா சோதிச்சிருப்பாங்க, சென்சாரும் 20க்கு கீழ இருக்கறதயே சில சமயம் பிடிக்கும், அதனால அத அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனாலும் பீட்சா பக்கம் நான் போறதே இல்ல.

இப்ப மெனு. ரிப்ஐ, சர்லாயின், ஃபிலே, நியூயார்க் ஸ்ட்ரிப், டி-போன், எதுவா இருந்தாலும் மேரினேட் பண்ணாத முழுத்துண்டா கேளுங்க. "ஸ்டேக் டிப்ஸ்", "டெரியாக்கி சர்லாயின்" மாதிரி ஊறவச்சு வர்றத விட்டுடுங்க, அதுல சோயா சாஸ் இருக்கும், சோயா சாஸே கோதுமை போட்டு காய்ச்சறதுதான், சிலது பீர்லயும் ஊறும். சீசனிங் கடையே கலக்கற பொடியா டப்பாவுல வர்ற பொடியான்னு கேளுங்க, டப்பான்னா டப்பாவ எடுத்துட்டு வந்து காட்ட சொல்லுங்க, தயங்காதீங்க, நல்ல கடையில சந்தோஷமா காட்டுவாங்க. படிக்கும்போது கடைசியில "கன்டெயின்ஸ்"னு இருக்கற வரிய மட்டும் பார்த்துட்டு வச்சுடாதீங்க, அதுல கோதுமைய கண்டிப்பா போடணும்னு சட்டம், பார்லிய போடணும்னு சட்டம் இல்ல, அதனால மால்ட்னு, அதாவது முளைகட்டின பார்லின்னு, எங்கயாவது இருக்கான்னு முழுசா படிக்கணும். எதுவும் தெளிவா இல்லன்னா வெறும் உப்பும் மிளகும் போதும்னு சொல்லிடுங்க. நல்ல கறிக்கு அதுக்கு மேல ஒண்ணும் தேவையே இல்ல, இது சமாதானத்துக்கு சொல்றதில்ல, சாப்பிட்டு பாருங்க.

வொர்செஸ்டர்ஷயர் சாஸ் பத்தி நிறைய குழப்பம் இருக்கு. லியா அண்ட் பெரின்ஸ் அமெரிக்காவுல விக்கறது வடிச்ச வெள்ளை வினிகர்ல செய்யறது, க்ளூட்டன் ஃப்ரீ. அதே பாட்டில் இங்கிலாந்துல மால்ட் வினிகர், அதாவது பார்லி. லண்டன்ல இருக்கற உங்க சொந்தக்காரங்க வேண்டாம்னு சொல்றதும் சரி, டல்லாஸ்ல நான் சாப்பிடலாம்னு சொல்றதும் சரி. கடையில என்ன பிராண்டுன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

கூட வர்றதுல சுட்ட உருளைக்கிழங்குதான் நமக்கு பெரிய துணை. தோலோட முழுசா வெந்து வரும், வெண்ணெயும் சவர் க்ரீமும் தனித்தனியா புதுசா கேட்டு வாங்கிக்கோங்க, பேக்கன் தூள் மட்டும் வேண்டாம், நிஜ பேக்கனா டப்பாவுல வர்ற போலியான்னு விசாரிக்கற வேலை மிச்சம். மசிச்ச உருளைக்கிழங்கு சில கடையில பொடியில இருந்து வரும், க்ரேவி மேலயே ஊத்தி வரும். க்ரீம்டு ஸ்பினாச் பார்க்க வெறும் கீரை மாதிரி இருக்கும், ஆனா மைதாவ வெண்ணெய்ல வறுத்து பால் ஊத்தின சாஸ்தான் அதுக்கு அடிப்படை, தொடவே தொடாதீங்க. ப்ரோக்கோலி, அஸ்பராகஸ் நல்லதுதான், ஆனா பாஸ்தா வேகவச்ச தண்ணியிலயே காய முக்கி எடுக்கற பழக்கம் சில கிச்சன்ல உண்டு, அத ஒரு வார்த்தை கேட்கணும். காளான் வதக்கல்ல சோயா சாஸோ பீரோ போயிருக்கலாம். சூப்ல பிரெஞ்சு ஆனியன்ல ரொட்டியே மிதக்கும், லாப்ஸ்டர் பிஸ்க், க்ளாம் சௌடர் ரெண்டும் மைதாவுல கெட்டியாக்கினது. சாஸ்ல பெப்பர்கார்ன் வேண்டாம், பேர்னேஸ் முட்டையும் வெண்ணெயும்தான், அங்கயே செய்யறாங்கன்னா சாப்பிடலாம். ப்ரைம் ரிப் எடுத்தா கூட கிண்ணத்துல தண்ணியா வரும் பாருங்க ஓ ஜூ, அது கறிச்சாறுன்னு நினைச்சுப்போம், பல கடையில பொடி கரைச்சது, அத கேட்காம தொடாதீங்க.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஆசையா இருக்கும். உருளைக்கிழங்குல க்ளூட்டன் ஏதுன்னு சர்வரே சொல்லுவாங்க. அந்த எண்ணெய்லதான் வெங்காய வளையமும் மாவுல தோய்ச்ச சிக்கனும் பொரியுது. 2021ல ஒரு சின்ன ஆய்வு, கோதுமை பொரிக்கற அதே ஃப்ரையர்ல பொரிச்ச ஃப்ரைஸ் 20 வாங்கி லேப்ல சோதிச்சாங்க, அதுல கால்வாசி 20ங்கற வரம்ப தாண்டிடுச்சு. தனி ஃப்ரையர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா விட்டுடுங்க, இதுல நடுவழி கிடையாது.

மாட்டுக்கறி சாப்பிட மாட்டீங்கன்னா, நம்ம ஆளுங்க பாதி பேர் அப்படித்தான், சால்மன் கேளுங்க, மேல பூசற க்ளேஸ் இல்லாம வெறும் உப்பும் எலுமிச்சையும் போட்டு தனி வாணலில. சிக்கன் பாதுகாப்புன்னு நினைச்சுடாதீங்க, ஸ்டேக்ஹவுஸ்ல ஸ்டேக் ஊறாம வரும், சிக்கன்தான் முதல் நாளே ஊறவச்சு வரும். சைவம்னா சுட்ட உருளைக்கிழங்கும் ஆவில வேகவச்ச காயும்தான், வயிறு நிறையும், அவ்ளோதான்.

இனிமே எனக்கு நடந்தது ஒண்ணு, இது உங்களுக்கும் நடக்கும், அதனால சொல்றேன். கல்யாண நாளுக்கு ஒரு கடைக்கு போனோம், பேர் வேண்டாம். எல்லாத்தையும் சொல்லியாச்சு, சர்வர் பொண்ணும் நல்லா குறிச்சுக்கிட்டா. தட்டு வந்தப்ப ஸ்டேக் மேல மெல்லிசா பொரிச்ச வெங்காயம் ஒரு கூடு மாதிரி உக்காந்திருக்கு, மைதாவுல புரட்டினது. சமையல்காரர் சரியா செஞ்சிருக்கார், கடைசியில தட்ட அலங்கரிக்கற இடத்துல இன்னொருத்தர் பழக்கத்துல வச்சுட்டார். சொன்னதும் பதறிப்போய் மன்னிப்பு கேட்டு எடுத்துட்டு போனாங்க, ரெண்டே நிமிஷத்துல திரும்பி வந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல எந்த ஸ்டேக் வேகும்? கத்தியால கறிய லேசா தூக்கி பார்த்தேன், அடியில உருகி நிக்கற வெண்ணெய்ல பொன்னிறத்துல ஒரு சின்ன சுருள், வெங்காய மொறுமொறுப்போட ஒரு துணுக்கு. எடுத்துட்டு அதே கறிய அனுப்பிட்டாங்க. அன்னிக்கு நான் சாப்பிடல, உருளைக்கிழங்கும் அதே தட்டுலதான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே இல்ல, எடுத்துட்டா போச்சுன்னுதான் உலகமே நினைக்குது, யாரும் அவளுக்கு சொல்லித்தரல. அன்னில இருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன், தப்பா ஏதாவது வந்தா அந்த தட்ட திருப்பிக் கொடுக்க மாட்டேன், புதுசு வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும், என் வீட்டுக்காரர் சாப்பிடுவார்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவேன். நீங்களும் அப்படியே செய்ங்க, இதுல யாரையும் சந்தேகப்படற மாதிரியும் இருக்காது.

எந்த கடைங்கறதும் முக்கியம், மேனேஜர் இன்னும் முடிவு பண்ணலன்னா நீங்களே ஒரு பேர் சொல்லுங்க, பெரும்பாலும் சந்தோஷமா ஒத்துப்பாங்க. டல்லாஸ்லயே இருக்கீங்க, ஃபோகோ டி சாவ்ங்கற கடைக்கு போங்கன்னு சொல்லுவேன். 1979ல பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேல ஆரம்பிச்சது, அமெரிக்காவுல முதல் கடைய 1997ல உங்க பக்கத்துல அடிசன்லதான் திறந்தாங்க. அங்க கம்பியில குத்தி சுட்ட கறிய மேசைக்கே கொண்டு வந்து சீவி போடுவாங்க, பெரும்பாலான கறிக்கு கல்லுப்புதான். எல்லாத்தையும் விட, மேசைக்கு வர்ற சின்னச்சின்ன சீஸ் ரொட்டி, பாவ் டி கேஜோ, அது மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்யறது, சேலத்துல ஜவ்வரிசி ஆக்கறாங்களே அதே கிழங்கு. ஒரு ரெஸ்டாரண்ட்ல ரொட்டிக்கூடைய என் பக்கம் நகர்த்தினப்ப வேண்டாம்னு சொல்லாம கைய நீட்டினது அங்கதான், பிச்சா உள்ள இழுபடும், வெளிய மொறுமொறுன்னு, முதல் தடவ நாலு சாப்பிட்டேன். ஆனாலும் உக்காந்ததும் செலியாக்னு சொல்லிடுங்க, சாஸேஜ், பொரிச்ச பொலெண்டா, வெளியில ஏதாவது பூசின கறி இதையெல்லாம் கேட்டுட்டு எடுங்க, சாலட் மேசையில கரண்டி மாறி மாறி போகும், உங்களுக்கு உள்ளிருந்து தனியா கொண்டு வர சொன்னா கொண்டு வருவாங்க.

ரூத்ஸ் கிறிஸ் மாதிரி விலை கூடின கடைல வேற சௌகரியம். 1965ல நியூ ஆர்லியன்ஸ்ல ஆரம்பிச்சது, 1,800 டிகிரி ஃபாரன்ஹீட் ப்ராய்லர்ல, அதாவது மேலயிருந்து அனல் அடிக்கற அடுப்புல, ஸ்டேக்க சுட்டு, 500 டிகிரில காய்ச்சின தட்டுல வெண்ணெய் பொங்கப் பொங்க கொண்டு வந்து வைப்பாங்க. இந்த மாதிரி இடத்துல பன் வாட்டற வேலை கம்மி, சமைக்கறவங்களும் அனுபவஸ்தங்க, செஃபே வெளிய வந்து பேசுவார். சங்கிலிக் கடைங்கள்ல அவுட்பேக்குக்கு பல வருஷமாவே க்ளூட்டன் ஃப்ரீ மெனு இருக்கு, அவங்க பீக்கன் பிரவுனி மேல ஐஸ்க்ரீம் வச்சு தர்ற சாக்லேட் தண்டர் அந்த மெனுவுல இருக்கறது, எங்க செலியாக் கூட்டத்துக்கு ரொம்ப பிடிச்சது. மாவுல புரட்டி முழுசா பொரிச்ச வெங்காயம், ப்ளூமின் ஆனியன், பக்கத்துல வந்தா மட்டும் தட்ட தள்ளி வச்சுக்கோங்க. டெக்ஸஸ் ரோட்ஹவுஸ்னா சூடா வர்ற பன்னும் பட்டைத்தூள் வெண்ணெயும்தான் பேரே, நாள் முழுக்க அங்கயே சுடறாங்க, அதனால உக்காந்த உடனே கூடை வரும், உங்க பக்கத்துல வைக்க வேண்டாம்னு முதல்லயே சொல்லணும். எந்த சங்கிலிக் கடையா இருந்தாலும் ஒரு கிளை மாதிரி இன்னொரு கிளை இருக்காது, மெனு ஒண்ணுதான் ஆனா மேனேஜர் வேற, அதனால ஊர் பேரோட சேர்த்து ஃபைண்ட் மீ க்ளூட்டன் ஃப்ரீங்கற ஆப்ல தேடுங்க, நட்சத்திரத்த பார்க்காதீங்க, செலியாக் இருக்கறவங்க சமீபத்துல எழுதினத மட்டும் படிங்க.

டீம் டின்னர்ல ஒரு தனி சிக்கல், பத்து பேருக்கு மேல போனா நிறைய கடைல முன்னாடியே தீர்மானிச்ச மெனுதான் தருவாங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தட்டு போகணும்னு மொத்தமா சமைப்பாங்க, அதுல உங்க தட்டு மாறிப்போக வாய்ப்பு அதிகம். அதனால அங்க போய் சொல்லிக்கலாம்னு விடாதீங்க. மதியம் 3 மணிக்கு போன் பண்ணுங்க, மதிய கூட்டம் முடிஞ்சு ராத்திரி கூட்டம் தொடங்காத நேரம் அது, போன எடுக்கறவங்ககிட்ட விளக்காம மேனேஜர கேளுங்க. அலர்ஜியா விருப்பமான்னு அவங்களே கேட்பாங்க. செலியாக்ங்கற பேர சொல்லி, இது டயட் இல்ல நோய், டிக்கெட்ல அலர்ஜின்னே போட்டுக்கோங்கன்னு சொல்லிடுங்க. மருத்துவப்படி இது அலர்ஜி இல்லதான், நம்ம உடம்பே நம்ம குடல தாக்கற நோய், ஆனா கிச்சன்ல எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வைக்கற வார்த்தை அலர்ஜிதான், அதுல பொய் ஒண்ணும் இல்ல. நாலு விஷயம் கேளுங்க: தனி வாணலியோ ஃபாயிலோ போட்டு சமைக்க முடியுமா, இடுக்கியும் வெண்ணெயும் புதுசா எடுப்பீங்களா, ஃப்ரையர் தனியா, தட்ட யார் கொண்டு வருவாங்க. கடைசி கேள்வி எதுக்குன்னா மேனேஜரே கையில கொண்டு வர்ற தட்டு இன்னொருத்தர் கையில மாறாது. பதில் சொல்ற விதத்துலயே உங்களுக்கு தெரிஞ்சிடும். "நூறு சதவீதம் உத்தரவாதம் தர முடியாது, ஆனா இதிது செய்வோம்"னு சொன்னா அவங்கள நம்பலாம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா அன்னிக்கு வீட்லயே சாப்பிட்டுட்டு போய் ஒரு வைனோ சோடாவோ வச்சுக்கிட்டு உக்காருங்க. பீர் வேண்டாம், பார்லி. வடிச்ச விஸ்கி, வோட்கால பிரச்சினை இல்ல.

மேசையில ஓரத்துல உக்காருங்க, ரொட்டிக்கூடை உங்க தட்டு மேல கை மாறி போகாது. வெண்ணெய்க்கிண்ணத்த நடுவுல இருந்து எடுக்காதீங்க, அதுல எல்லார் கத்தியும் பட்டிருக்கும். யாராவது பாசமா இத கொஞ்சம் டேஸ்ட் பண்ணுங்கன்னு அவங்க முள்கரண்டிய நீட்டுவாங்க, நம்ம ஊர்க்காரங்க கூட இருந்தா கண்டிப்பா நீட்டுவாங்க, ஒரே வார்த்தையில டாக்டர் வேண்டாம்னுட்டார்னு முடிச்சிடுங்க, விளக்கம் நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிக்கலாம். இனிப்புக்கு க்ரெம் ப்ரூலே இருந்தா கேட்டுட்டு எடுங்க, பெரும்பாலும் க்ரீம், முட்டை, சக்கரை மட்டும்தான், மேல பிஸ்கட் சொருகாம கொண்டு வர சொல்லுங்க.

எல்லாம் சொல்லியும் என்னைக்காவது பட்டுடும். மெடிக்கல் ஷாப்ல க்ளூட்டன கரைக்கற என்சைம் மாத்திரைன்னு விக்கறாங்க, ஒண்ண போட்டுக்கிட்டா சாப்பிடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, செலியாக்குக்கு இன்னிக்கு வரைக்கும் வைத்தியம் தள்ளி வைக்கறது ஒண்ணுதான். பட்டுட்டா தண்ணி நிறைய குடிங்க, ரெண்டு நாள் கஞ்சியா சாப்பிடுங்க, எங்க என்ன சாப்பிட்டீங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க. வயிறு ஒண்ணும் பண்ணலன்னாலும் எழுதுங்க, சிலருக்கு வெளிய எதுவுமே தெரியாது, உள்ள மட்டும் பாதிக்கும்.

டின்னர் வியாழக்கிழமைன்னா திங்கட்கிழமை மதியமே போன் பண்ணிடுங்க, பேசின மேனேஜர் பேர எழுதி வச்சுக்கோங்க, வியாழக்கிழமை அவர் டியூட்டியில இருப்பாரான்னும் கேட்டுக்கோங்க. அன்னிக்கு மத்தவங்களுக்கு பத்து நிமிஷம் முன்னாடி போய் அவர் பேர சொல்லி கேளுங்க. எந்த கடைன்னு தெரிஞ்சதும் இங்க எழுதுங்க தம்பி, நான் அங்க சாப்பிட்டிருந்தா என்ன ஆர்டர் பண்ணினேன்னு சொல்றேன்.